டாரினா, தவுரினா, ஏற்றுக்காடியா?

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், ஈசூன்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். 2024 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்ததை ஒட்டி, எங்கள் புளோக்கில் உள்ள சிலர் சேர்ந்து பூனை உணவைப் பற்றி நான்கு மொழிகளில் ஒரு மடிப்பேடு தயாரிக்கிறோம். தமிழ்ப் பத்தி என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். நானோ 'டாரின்' (taurine) என்ற சத்தின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதில் சிக்கி நிற்கிறேன்.

அதை விட்டுவிட்டு எழுத வழியில்லை. பெரும்பாலான பாலூட்டிகள் கந்தகம் உள்ள அமினோ அமிலங்களிலிருந்து இப்பொருளைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. பூனைக்கு அதற்கான நொதியின் செயல்பாடு மிகக் குறைவு. போதாததற்கு, பித்த அமிலங்களோடு பிணைக்கவும் பூனையின் உடல் இது ஒன்றையே பயன்படுத்துவதால், இருப்பதும் நாள்தோறும் கழிந்துபோகிறது. உணவில் இது இல்லாத பூனைக்கு விழித்திரை சிதைவது 1975இலும், இதயத் தசை தளர்ந்து விரிவது 1987இலும் ஆய்வில் வெளிப்பட்டன. சினைப்பூனைக்கு இது குறைந்தால் குட்டிகள் செத்துப் பிறக்கலாம். பிழைப்பவை எடை குறைந்து, பின்னங்கால் கோணி, தள்ளாடி வளர்கின்றன.

எங்கள் மாடியில் சைவக் குடும்பத்துப் பாட்டி ஒருவர் தம் பூனைக்குத் தயிர்சாதத்தை விரலால் மசித்து, காலணி அடுக்குக்குப் பக்கத்தில் எவர்சில்வர் தட்டில் வைக்கிறார். பூனை தயிரை நக்கிவிட்டுச் சோற்றை அப்படியே விட்டுப் போகிறது. தயிரில் இப்பொருள் மிகச் சொற்பம், சோற்றில் இல்லை என்றே சொல்லலாம். அந்தப் பாட்டிக்கு விளங்கும் ஒரு சொல் தாருங்கள்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பிடோக்

தம்பிக்கு, 'டாரின்' முதல் எழுத்திலேயே தவறு. டகரம் தமிழில் மொழிக்கு முதலில் வாராது. மூலமாகிய லத்தீன் சொல்லிலும் அது பல்லில் நா படும் தகர ஒலிதான். நாம்தான் ஆங்கிலேயர் வாயால் அதைக் கேட்டு டகரமாக்கினோம். ஒலிபெயர்த்தே தீர வேண்டுமெனில் 'தவுரின்' என்று எழுதுக.

ஆனால் ஒலிபெயர்ப்பானேன்? 1827இல் ஜெர்மானியராகிய டீடமனும் குமெலினும் இதை எருதின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுத்தனர். காளையைக் குறிக்கும் 'தவுரஸ்' என்ற சொல்லே பின்னர் இதற்குப் பெயராயிற்று. காளைக்கு நம்மிடம் சொல்லா இல்லை? 'ஏறும் ஏற்றையும் ஒருத்தலும் களிறும்' என்று தொல்காப்பிய மரபியல் அடுக்கும் ஆண்பாற் பெயர்களில் முதலில் நிற்பதே ஏறு. ஏறு தழுவிய முல்லைக்கலி நம்முடையது. ஏறு என்பதோடு அமிலம் சேர்ந்தால் 'ஏற்றமிலம்' ஆகும். அமிலம் வடசொல் ஆதலால் அதனையும் நீக்கி 'ஏற்றுக்காடி' என்பதே என் பரிந்துரை.

அனுப்புநர்: சொற்பிறப்பு ஆர்வலர், கிள்ளான்

ஐயா, ஏறு வரை போவானேன்? 'தவுரஸ்' என்பதற்கு அருகிலேயே நம் 'தொறு' நிற்கிறதே! ஆநிரையைக் குறிக்கும் இச்சொல் நடுகற்களில் தொறு மீட்டுப் பட்டவனின் பெயரோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. காளைக்கு அரபியில் 'தவ்ர்' என்கிறார்கள். தொறு, தொழு, தொழுவம், தவ்ர், தவுரஸ் ஆகியவற்றை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். ஒரு மந்தையே நடந்து வருவது காதில் விழும். ஆகவே 'தொறுவம்'.

அனுப்புநர்: வேதியியல் விரிவுரையாளர், ஜூரோங்

மந்தை நடந்து வரட்டும். ஆனால் ஒலி ஒற்றுமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது. நிரைக்கும் தனி எருதுக்கும் உள்ள பொருள் வேறுபாட்டையும் கிள்ளான் நண்பர் ஒரே தாவில் தாண்டிவிட்டார்.

நம் மடிப்பேட்டின் பக்கத்துப் பத்தியையே பாருங்கள். சீனர்கள் இதை 'நியூ ஹுவாங் சுவான்' என்கிறார்கள். மாடு, கந்தகம், அமிலம் என்று மூன்று எழுத்து. மலாய்ப் பத்தியில் கடன்சொல் அப்படியே இருக்கிறது, அதனால் மலாய்க்காரர் எவரும் தூக்கம் இழக்கவில்லை. சீனர் வழியில் போவதானால் கந்தகத்தை விடக் கூடாது, ஏனெனில் இதன் இயல்பே அதில்தான் இருக்கிறது. வழக்கமான அமினோ அமிலங்களில் கார்பாக்சில் தொகுதி உள்ள இடத்தில் இதில் கந்தகம் கொண்ட சல்போனிக் தொகுதி உள்ளது. அதனால்தான் இது புரதத்துக்குள் கோக்கப்படாமல் கண், இதயம், மூளை ஆகியவற்றின் உயிரணுக்களில் தனியாகவே திரிகிறது. மூளையில் நரம்புத் தூண்டலைத் தணிக்கும் வேலையும் இதற்கு உண்டு.

எருது என்பது கண்டுபிடிப்பின் தற்செயல். கடல்மீன் பண்ணைக்காரரைக் கேளுங்கள்: மீன்தூளைக் குறைத்துச் சோயாவைக் கூட்டிய தீவனத்தில் சிவப்புக் கடல் பிரீம் மீன் வளர்ச்சி குன்றி, அதன் ஈரல் பச்சை நிறமாகிவிடும், தீவனத்தில் இதைக் கலந்தால் சீராகும். மீன் தீவனப் பையில் 'ஏறு' எதற்கு?

அனுப்புநர்: இல்லத்தரசி, உட்லண்ட்ஸ்

ஆசிரியர் ஐயா பொறுத்தருள வேண்டும். தேக்காவில் எந்தக் கடையிலும் காடி என்று கேட்டால் வினிகர் போத்தலைத்தான் எடுத்துத் தருவார்கள். 'பூனை உணவில் ஏற்றுக்காடி அவசியம்' என்று அச்சிட்டால் யாராவது ஒருவர் மீன் துண்டின் மேல் வினிகரை ஊற்றுவார். இரண்டாவதாக, எங்களைப் போன்ற சைவ வீட்டில் மாட்டைப் பெயரில் வைத்துக்கொண்டு வரும் பொருளை வாசலுக்குள் விட மாட்டார்கள். இப்போது விற்பனைக்கு வருவது தொழிற்சாலையில் வேதிமுறையில் ஆக்கப்படுவது என்று விரிவுரையாளர் விளக்கலாம். பாட்டிக்கு அதை யார் விளக்குவது?

அனுப்புநர்: தமிழாசிரியர், பிடோக்

புரியாது என்றே ஒவ்வொரு சொல்லையும் தள்ளினால் எந்தச் சொல் புரியத் தொடங்கும்? 'நொதி' என்று இவ்விழையின் முதல் மடலில் ஒருவரும் தடுக்கி விழாமல் படித்தீர்களே, அதுவும் ஒருநாள் புதுச்சொல்தான். மாட்டின் பெயர் உறுத்தினால் 'தவுரின்' என்பதும் மாடுதான். லத்தீனில் இருப்பதால் பாட்டிக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், ஈசூன்

ஐயா சொன்ன கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. ஆயினும் நாளை அச்சு. 'தவுரின்' என்பதற்கு ஆறு பேர், 'ஏற்றுக்காடி'க்கு இருவர், 'தொறுவ'த்துக்கு அதை முன்மொழிந்தவர் மட்டும். பத்தியில் இப்படி இடுகிறேன்: 'தவுரின் என்பது இறைச்சி, மீன், சிப்பி ஆகியவற்றில் உள்ள சத்து. சோறும் தயிரும் மட்டும் உண்ணும் பூனைக்கு இது போதிய அளவு கிடைக்காது. கண்ணும் இதயமும் கெடும். குட்டிகள் சரியாக வளரா. தவுரின் சேர்த்த பூனை உணவு கொடுங்கள்.' நேற்று மாலை மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது பாட்டியிடம் படித்துக் காட்டினேன். 'தவுரின்' என்ற இடத்தில் அவர் நிற்கவே இல்லை; 'கண்ணு போயிடுமா?' என்றுதான் கேட்டார்.

அனுப்புநர்: தமிழாசிரியர், பிடோக்

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்க. அடுத்த பதிப்பில் மீண்டும் எழுப்புவேன். 'பூனைக்குட்டி' என்பதில் மட்டும் எனக்குத் தடையில்லை. பூனையினமாகிய வெருகுக்குக் குட்டி உரியது என்று மரபியலே சொல்கிறது.