19 வருடம் கழித்து ஊருக்கு வந்தேன். இந்த வயதில் குணம் மாறுமா?

அருமனைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 47, ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம். 19 வருடம் மஸ்கட்டில் ஷட்டரிங் வேலை (கான்கிரீட் ஊற்றப் பலகையும் முட்டும் அடிப்பது), கடைசி 8 வருடம் போர்மேன். போன ஐப்பசியில் மொத்தமாக முடித்துக்கொண்டு வந்துவிட்டேன். கடன் இல்லை. வீடு கட்டியாயிற்று. 60 சென்டில் நூற்றுப் பத்து மூடு, அதாவது மரம், ரப்பர் நிற்கிறது. இனி நிம்மதிதான் என்று நினைத்து விமானம் ஏறினேன்.

மூன்று வாரம் முன்னால் ஒரு சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. நான் உள்ளே கட்டிலில் கிடந்தேன். பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் வெளியே படியில் உட்கார்ந்து கூட்டுக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தான். "எங்க அப்பா போன்ல இருந்தப்ப நல்ல ஆளாக்கும். இப்ப வீட்டுக்குள்ள சைட் நடத்துகாரு."

கரண்ட் வந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

அவன் சொன்னது பொய் இல்லை. நான் காலை 4 மணிக்கு எழுந்து எல்லா லைட்டையும் போடுகிறேன். வந்த இரண்டாவது வாரமே அடுக்களையில் டப்பா எல்லாவற்றையும் எனக்குச் சரியென்று பட்ட வரிசையில் மாற்றி வைத்தேன். மனைவி "சரி" என்று மட்டும் சொன்னாள். 11 வருடமாக எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிற பெரியவர் பின்னால் டார்ச்சோடு நின்று, இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டினால் பால் கூடுமே என்றேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "ஆழமா வெட்டினா இன்னைக்குப் பால் கிடைக்கும். ஆனா கத்தி பட்டைக்கு உள்ள இருக்க தடியில பட்டா பட்டை பழையபடி வளராது. முண்டும் முடிச்சுமா வரும், அதுல பிறகு வெட்ட முடியாது" என்றார். நான் விடவில்லை. நான்கு நாள் அவர் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். மனைவி அவர் வீட்டுக்கே போய்க் கூட்டி வந்திருக்கிறாள், என்னிடம் சொல்லாமல்.

அங்கே என் கீழே 34 பேர். முட்டுக் கொடுத்த ஒரு கம்பி சரியாக முறுகவில்லை என்றால் கான்கிரீட் ஊற்றும்போது தளம் ஆளோடு இறங்கிவிடும். அதனால் எதையும் நம்பாமல் நானே தொட்டுப் பார்ப்பேன். அந்தப் பழக்கத்தால் 8 வருடத்தில் என் கையில் ஒரு உயிர் போகவில்லை, அதில் எனக்குப் பெருமை உண்டு. அதே பழக்கம் இங்கே வீட்டைக் கெடுக்கிறது. இதை எப்படி இறக்கி வைப்பது? நான் எப்படிப்பட்டவன் என்றே இப்போது எனக்குத் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கருங்கல் பையன்:

அண்ணே, நான் கொரோனா சமயத்தில் துபாயில் வேலை போய் வந்தவன். எனக்கும் ஒன்றரை வருடம் இதே கதைதான். ஒரே ஒரு விஷயம் உதவியது: எனக்குத் தெரியாத ஒன்றை வீட்டு ஆளிடம் படித்தேன். எனக்கு மீன் வாங்கத் தெரியாது. மனைவியோடு சந்தைக்குப் போய்ப் பையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். சாளை என்றால் செவுளைத் தூக்கிப் பார், சிவப்பாக இருக்கணும், கண் குழிந்திருக்கக் கூடாது என்று அவள் சொல்லித் தந்தாள். தனியாக வாங்கிய முதல் தடவை கெட்ட மீனோடு வந்தேன். அன்றைக்கு அவள் சிரித்த மாதிரி அதற்கு முன் சிரித்து நான் பார்த்ததில்லை.

தக்கலை அக்கா:

தம்பி, நான் நர்ஸ். என் வீட்டுக்காரரும் சவூதியில் 14 வருடம் இருந்து வந்தவர். உங்கள் மனைவி பக்கம் நின்று கொஞ்சம் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

நீங்கள் அங்கே இருந்தபோது மோட்டார் கெட்டால் ஆள் பிடித்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி ஆட்டோ தேடியது, மாமியாரை ஆஸ்பத்திரியில் பார்த்தது எல்லாம் அவள்தான். கான்கிரீட் போட்ட அன்றைக்கு சிமெண்ட் மூட்டை எண்ணியதும் அவளாகத்தான் இருக்கும். நீங்கள் இல்லாமலும் நடக்கிற மாதிரி ஒரு வீட்டை அவள் உண்டாக்கினாள். நீங்கள் வேண்டாம் என்பதற்காக இல்லை, வேறு வழி இல்லாததால். அந்த டப்பா வரிசை அவளுடைய 19 வருடம். நீங்கள் அதை ஒரு மத்தியானத்தில் மாற்றிவிட்டீர்கள். அவள் சொன்ன "சரி" சம்மதம் இல்லை தம்பி. அந்த "சரி"யை நானும் நிறைய சொல்லியிருக்கிறேன்.

'நான் எப்படிப்பட்டவன் என்று தெரியவில்லை' என்கிறீர்கள். நர்சிங்கில் எங்களுக்கு ஜோஹாரி ஜன்னல் என்று ஒன்று சொல்லித் தந்தார்கள். ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1955இல் உண்டாக்கியது. ஜோ, ஹாரி என்று அவர்கள் பெயரையே சேர்த்து வைத்தார்கள். ஜன்னலில் நான்கு கட்டம். எனக்கும் பிறருக்கும் தெரிந்த நான், எனக்கு மட்டும் தெரிந்த நான், யாருக்கும் தெரியாத நான், அப்புறம் பிறருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாத நான். இந்தக் கடைசிக் கட்டத்தை மோட்டுவளையைப் பார்த்து எவ்வளவு யோசித்தாலும் திறக்க முடியாது. கூட இருக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். கரண்ட் போன அன்றைக்கு உங்கள் மகன் அதில் ஒரு கதவைத் திறந்துவிட்டான். அவனைத் திட்டாமல் படுத்திருந்தீர்களே, அதுவே பெரிய காரியம்.

மனைவியிடம் கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை பதில் பேசாதீர்கள்.

கொட்டாரம் அண்ணாச்சி:

அக்கா சொன்னது சரி. ஒரு எச்சரிக்கை மட்டும். 'என் குறையைச் சொல்லு' என்று போய் நின்றால் அதுவும் ஒரு உத்தரவுதான். 19 வருடம் வீட்டைச் சுமந்தவளுக்கு இனி உங்களைத் திருத்துகிற வேலையும் சேரக் கூடாது. பாதி நீங்களே பார்க்க வேண்டும்.

நான் சாமிதோப்புப் பதிக்கு, அய்யாவழிக்காரர்கள் கும்பிடுகிற இடத்துக்கு, சின்ன வயதிலிருந்தே போகிறவன். பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடிதான். தலைப்பாகை கட்டிக்கொண்டு போய் நின்றால் விளக்கு வெளிச்சத்தில் நம் முகமே தெரியும். ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்களைத் தலைப்பாகை கட்ட விடாத காலத்தில் அதைக் கட்டிக்கொண்டு வா என்று சொன்னவர் அய்யா வைகுண்டர். உனக்குள்தான் இறைவன் என்று அந்தக் கண்ணாடிக்குப் பொருள் சொல்வார்கள், அதை நம்புகிறேன். ஆனால் என் அப்பா இறந்த வருடம் அங்கே நின்றபோது, தம்பியோடு சொத்துக்காக நான் போட்ட சண்டை எல்லாம் அந்த முகத்தில் இருந்தது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே வந்ததும் அவனுக்குப் போன் போட்டேன். அப்போது எனக்கு வயது 58. வயது ஒரு தடை இல்லை, தம்பி.

அருமனைக்காரன்:

மூன்று பேருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதிய "சரி"யை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சிமெண்ட் மூட்டை எண்ணியது அவள்தான், உண்மை.

முதலில் கேட்டபோது "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கீங்க" என்றாள். அண்ணாச்சி சொன்னது நினைவு வந்ததால் விட்டுவிட்டேன். டப்பா எல்லாம் பழைய வரிசையில் வைக்கலாம் என்று போனால், அந்த வரிசை எனக்கு ஞாபகமே இல்லை. அதை அவளிடம் சொன்னேன். அவளே அடுக்கினாள், நான் எடுத்துக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருக்கும்போது அவளாகச் சொன்னாள்: "நீங்க வீட்டுக்குள்ள வந்தா முதல்ல ஆளைப் பாக்கமாட்டீங்க, பொருளைத்தான் பாப்பீங்க. எது மாறிக் கெடக்கு, எது ஒடஞ்சு கெடக்குன்னு." சைட்டில் நான் அப்படித்தான் நுழைவேன். பதில் பேச வாய் வந்தது, பேசவில்லை. இப்போது செருப்பைக் கழற்றும்போதே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். பத்து நாளில் ஆறேழு தடவை மறந்துபோனது.

பால் வெட்டும் பெரியவரிடம், எனக்கும் சொல்லித் தாருங்கள் என்று கேட்டேன். முறிக்கப்போகிற ஒரு கிழட்டு மூட்டில் பழகச் சொன்னார். மூன்று இடத்தில் கத்தி தடியில் பட்டுவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்துக் கத்தியைக் கொஞ்சம் சாய்த்து வைத்தார்.

மகனிடம் நேரில் பேச்சு இன்னும் வரவில்லை. மஸ்கட்டில் வெள்ளிக்கிழமைதான் லீவு, அன்றைக்குத்தான் அவனுக்குப் போன் செய்வேன். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோட்டத்தில் ஒரு மூட்டில் சாய்ந்து நின்று அவன் நம்பரை அழுத்தினேன். எடுத்தான். பள்ளிக்கூடத்தில் நடந்தது, கால்பந்து டீமில் எடுக்கவில்லை, எல்லாம் சொன்னான். இருபது நிமிஷம் இருக்கும். நான் ஒரு யோசனையும் சொல்லவில்லை. கடைசியில், "அப்பா, எங்க நிக்கீங்க?" என்றான். கீழே தோட்டத்தில், மக்களே என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"சாயா கொண்டு வரட்டா?" என்று கேட்டான்.