சுவரொட்டியில் கியூஆர் குறியீடு: எப்படி அமைப்பது?

கேள்வி:
வணக்கம். சிறுகதைகளை வாசித்துப் பதிவேற்றும் யூடியூப் அலைவரிசை ஒன்றை வெள்ளவத்தையிலிருந்து நடத்துகிறேன். காலி வீதியிலுள்ள புத்தகக் கடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒட்டவிருக்கும் சுவரொட்டியில் கியூஆர் குறியீட்டைச் சேர்க்க விரும்புகிறேன். இலவசத் தளங்களில் உருவாக்கும் குறியீடு சில காலத்தின் பின் செயலிழந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? எந்த அளவில் அச்சிட வேண்டும்?

மறுமொழி 1:
குறியீடு தானாகக் காலாவதியாவதில்லை. முகவரியை நேரடியாகத் தன்னுள் கொண்ட குறியீடு, அம்முகவரி இயங்கும்வரை வேலை செய்யும். ஆனால் பல தளங்கள் தருவது, முதலில் தங்கள் குறுமுகவரிக்கு அழைத்துச் சென்று அங்கிருந்து உங்கள் பக்கத்துக்குத் திருப்பிவிடும் குறியீடு என்பதால், அவர்கள் சேவையை நிறுத்தினால் அச்சிட்ட சுவரொட்டிகள் அனைத்தும் வீணாகிவிடும். சொந்த இணையத்தளம் இருந்தால், கடைக்கொரு முகவரியை அதில் அமைத்து யூடியூபுக்குத் திருப்பிவிடுங்கள். எந்தக் கடையிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்பதும் தெரியும்.

மறுமொழி 2:
அச்சகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் சொல்கிறேன். பார்க்கும் தூரத்தின் பத்தில் ஒரு பங்கு அகலம் என்பது பொதுக் கணக்கு. ஒரு மீற்றர் தூரத்துக்கு 10 சென்ரிமீற்றர். குறியீட்டைச் சுற்றிலும், அதிலுள்ள சிறு சதுரக் கட்டங்கள் நான்கின் அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள், வடிவமைப்பாளர்கள் இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். தேநீர்க் கடைச் சுவரில் கறை படியாமல் இராது. ஆகவே, ஏறத்தாழ 30 சதவீதம் சிதைந்தாலும் மீட்கக்கூடிய 'எச்' (H) என்ற பிழைதிருத்த நிலையைக் குறியீட்டை உருவாக்கும்போது தெரிவுசெய்யுங்கள். அதில் கட்டங்கள் நெருக்கமாகும் என்பதால் முகவரி குறுகியதாக இருக்கட்டும்.

மறுமொழி 3:
கடைகளில் பணம் செலுத்துவதற்கான லங்கா கியூஆர் குறியீட்டு அட்டைகளும் இருப்பதால், குழப்பம் நேராதபடி பணம் செலுத்தும் இடத்திலிருந்து தள்ளி ஒட்டி, மேலே "கதை கேட்க" என்று பெரிதாக எழுதுங்கள்.