கட்டிலுக்கடியில் மாவுத்தூள், வாசலில் ஆறு புள்ளி வண்டு: மரத்தை அரிப்பது எது?

கேள்வி:
ஆனைகட்டியில் காட்டோரம் இருக்கும் எங்கள் வீட்டில், ரப்பர் மரக் கட்டிலின் அடியில் தினமும் மாவு போன்ற தூள் உதிர்ந்து கிடக்கிறது. சட்டத்தில் குண்டூசித் தலையளவு துளைகளும் தெரிகின்றன. சென்ற வாரம் மழை பெய்த இரவில், ஆறு வெள்ளைப் புள்ளிகளோடு விரல் நீளக் கறுப்பு வண்டொன்று வாசற்படியில் ஓடியது. இதுதான் கட்டிலை அரிக்கிறதா? மருந்தடித்துக் கொன்றுவிடலாமா?

மறுமொழி:
ஐயா, அந்தப் பெரிய வண்டு குற்றமற்றது. முன்மார்பில் இரண்டும் இறக்கை மூடிகளில் நான்குமாகப் புள்ளிகள் இருந்திருந்தால், அது ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா என்னும் தரைவண்டு. சுமார் 4 செ.மீ. நீளமுள்ள அது பறக்காது. தரையில் ஓடிப் பூச்சிகளை வேட்டையாடும். ஒன்றரை மி.மீ. துளைக்குள் அதன் தலையைக்கூட நுழைக்க முடியாது! உங்கள் கட்டிலை அரிப்பது லிக்டஸ் இனத்து உளுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது 3 முதல் 7 மி.மீ. நீளமுள்ள செம்பழுப்பு வண்டு. பெண் வண்டு மரத்தின் நுண்துளைகளில் முட்டையிட, புழுக்கள் உள்ளிருக்கும் மாவுச்சத்தைத் தின்று வளர்கின்றன. நீங்கள் காணும் துளைகள் வளர்ந்த வண்டுகள் வெளியேறிய வழிகளே. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி என்பதால், வெங்காரக் (போராக்ஸ்) கரைசல் ஏற்றிப் பதப்படுத்தாவிட்டால் அது எளிதில் உளுத்துப்போகும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. துளைகளில் மண்ணெண்ணெய் ஊற்றலாம் என்கிறார் அப்பா. பக்கத்தில் தேக்கு அலமாரியும் இருக்கிறது.

மறுமொழி:
மண்ணெண்ணெய் வேண்டாம், அது உள்ளிருக்கும் புழுவரை ஒழுங்காக எட்டாது, படுக்கையறையில் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. தேக்கின் வைரப்பகுதிக்கு (நடுவிலுள்ள கெட்டியான மரத்துக்கு) அச்சமில்லை, ஆனால் ஓரங்களில் வெளிறிய வெள்ளைமரம் இருந்தால் அதைக் கவனியுங்கள். முதலில் தூளைத் துடைத்து, இருக்கும் துளைகளைப் பென்சிலால் வட்டமிட்டு, அடியில் கறுப்புத்தாள் விரித்துச் சில வாரங்கள் பாருங்கள். பழைய தூள் அசைவில் உதிர்வதுண்டு. புதுத் துளை தோன்றினால்தான் உளு இன்னும் உயிரோடிருப்பது உறுதியாகும். அப்போது ஆசாரியைக் கொண்டு வார்னிஷைத் தேய்த்தெடுத்து, வெங்காரக் கரைசலைப் பூசி உலர்த்தி, மறுபடி வார்னிஷ் அடியுங்கள். வார்னிஷ் மேல் பூசினால் கரைசல் உள்ளே இறங்காது. மிகவும் உளுத்த சட்டத்தை மாற்றிவிடுவதே மேல்.

இன்னொருவர்:
தரைவண்டைக் கையால் பிடிக்க வேண்டாம். மிரண்டால் ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சியடிக்கும், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். துடைப்பத்தால் மெல்ல வெளியே ஒதுக்கினாலே போதும்.

கேட்டவர்:
இன்று சன்னல் விளிம்பில் செம்பழுப்பில் அரிசியளவுப் பூச்சிகள் மூன்று செத்துக் கிடந்தன. கறுப்புத்தாள் விரித்துவிட்டேன்.