கேம் மாற்றியதும் மிக்சர் கெட்ட வண்டிகள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஏற்காடு எஸ்டேட் வண்டி:

எங்களிடம் ராணுவ ஏலத்தில் எடுத்த நிசான் ஒரு டன் வண்டி இருக்கிறது. ஜபல்பூரில் கட்டியது, ஆறு சிலிண்டர், 3956 சிசி பெட்ரோல். அப்பா காலத்திலிருந்து நாகலூர்ப் பக்கத்துக் காபி மூட்டையெல்லாம் கீழே இறங்குவது இதில்தான். போன வருஷம் டேப்பட் (கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் துண்டு) சத்தம் தாங்காமல் இஞ்சினைப் பிரித்தோம். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுதான் கேம்; அதில் வால்வைத் தள்ளும் மேடான லோப் நாலு மழுங்கிப்போயிருந்தது. ஒரிஜினல் கிடைக்கவில்லை. சேலத்தில் ஒரு பட்டறையில் வெளியில் அரைத்த கேம் ஒன்றை எடுத்துவைத்து, "லிஃப்ட் ஜாஸ்தி, வண்டி பறக்கும்" என்றார்கள். லிஃப்ட் என்றால் வால்வு திறக்கும் உயரம். போட்டோம்.

அன்றைக்கே ஐடில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல் இஞ்சின் ஓடுவது) நொண்ட ஆரம்பித்தது. சைலன்சர் பக்கம் நின்றால் பச்சைப் பெட்ரோல் வாடை, கண் எரிச்சல். புது பிளக் நாலே நாளில் கரி. கார்புரேட்டரை இரண்டு தடவை கழுவினோம், ஃப்ளோட் லெவல் வைத்தோம், பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைச் சின்னதாக்கினோம். ஜெட் சின்னதானதும் அடிவாரத்திலிருந்து ஏறும்போது இருமி இருமி, இருபது கொண்டை ஊசி வளைவில் நாலாவதிலேயே நின்றுவிட்டது. என்னை ரொம்பக் குழப்பியது வேறொன்று: ஐடிலில் காற்றோடு கலக்கும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவை முழுக்க மூடினாலும் இஞ்சின் அணையவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. இஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில், உள்ளிழுப்பை அளக்கும் வேக்யூம் கேஜை மாட்டினார். சேலத்தில் நல்ல இஞ்சின் ஐடிலில் 17, 18 அங்குலமாவது காட்டும். எங்கள் வண்டி 11. முள் நிற்காமல் ஆடியது. "பெட்ரோல் எங்கேயும் கெடல தம்பி, கேமுல இருக்கு" என்றார்.

அவர் சொல்லிக் கொடுத்தது இது. புகை வெளியேறும் எக்சாஸ்ட் வால்வு மூடி முடிப்பதற்குள்ளேயே, காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வு திறந்துவிடும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்த நேரம்தான் ஓவர்லேப். இஞ்சின் வேகமாகச் சுற்றும்போது வெளியே பாயும் புகையே புதுக் காற்றை உள்ளே இழுக்கும் என்பதால் ரேஸ் வண்டிக்கு ஓவர்லேப் நீளமாக வைப்பார்கள். ஐடிலில் அந்த இழுப்பு கிடையாது. எரிந்த புகை இன்டேக் பக்கம் திரும்பி வந்து புது மிக்சரோடு கலக்கும், வேக்யூம் விழுந்துவிடும். கார்புரேட்டரில் இருக்கும் பவர் வால்வுக்கு வேக்யூம் மட்டும்தான் தெரியும். அது விழுந்தால் வண்டி சுமை இழுக்கிறது என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிவிடும். போதாததற்கு, இஞ்சின் அணையாமல் இருக்க நாங்கள் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்து வைத்திருந்தோம். அதனால் ஐடில் துளையைத் தாண்டி அடுத்த துளையிலிருந்தே பெட்ரோல் வந்துகொண்டிருந்தது. ஸ்க்ரூ திருப்பியும் பலன் இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம்.

மலை இதை இன்னும் மோசமாக்கியது. ஏற்காடு 1500 மீட்டர் உயரம். சேலத்தை விடக் காற்று பத்து சதவீதத்துக்கு மேல் மெலிசு. கீழே சரியாக இருக்கும் கார்புரேட்டரே மேலே கொஞ்சம் ரிச்சாகத்தான் (பெட்ரோல் கூடுதலாக) ஓடும், எங்களுடையதோ கீழேயே ரிச். மேலே போய்க் கேஜ் மாட்டுகிறவர்களுக்கு ஒன்று: ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் போலக் குறைவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கடைசியில் எங்கள் பழைய கேமையே வெல்டு நிரப்பி ஒரிஜினல் அளவுக்கு அரைத்து வாங்கினோம். ஐடிலில் 17 அங்குலம் வந்தது. பழைய ஜெட்டையே திரும்பப் போட்டோம், வண்டி மூச்சு வாங்காமல் மலை ஏறியது. மூட்டை இழுக்கிற வண்டிக்கு அடிவேகத்தில்தான் பலம் வேண்டும். அங்கே பலத்தைத் தின்கிற கேமை விற்றவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

சங்ககிரி லாரி டிரைவர்:

டீசல்லயும் இது வருதுங்க. ஆனா வர்ற விதம் வேற. நம்ம பழைய லாரில கார்புரேட்டர் கிடையாது, த்ராட்டிலும் கிடையாது. காத்து அது பாட்டுக்கு உள்ள வரும், ஆக்சிலேட்டர் மிதிக்கிறது பம்புல டீசல் அளவை மட்டும்தான் மாத்தும். என் வண்டிக்கு ஒரு டூப்ளிகேட் கேம் போட்டாங்க. இன்டேக் வால்வு லேட்டா மூடுற மாதிரி அரைச்சிருக்காங்க. மெதுவா சுத்தும்போது பிஸ்டன் மேல ஏற ஏற, இழுத்த காத்துல ஒரு பங்கு வந்த வழியே வெளிய போயிருது. கம்ப்ரஷன் விழுந்துச்சு. விடிகாலைல ஸ்டார்ட் பண்ணுனா வெள்ளைப் புகை. குப்பனூர் ரோட்டுல லோடோட ரெண்டாவது கியர்ல ஏறுனா பின்னாடி வர்றவனுக்கு ரோடே தெரியாது, அவ்வளவு கரும்புகை. வேகம் எடுத்தா புகை நின்னுரும். டீசல் அதே அளவு, காத்து மட்டும் கம்மி, வேற ஒண்ணும் இல்லைங்க.

பம்ப் கடைல டீசலைக் குறைச்சு விட்டாங்க. புகை போச்சு, இழுவையும் சேர்ந்தே போச்சு. ரெண்டு மாசம் அப்படியே ஓட்டி, வாடகைல பாதி டீசலுக்கே கொடுத்தேன். கேமை மாத்தி, பம்பை மறுபடி பழைய அளவுக்கு வச்ச பிறகுதான் வண்டி வண்டியாச்சு.

லீ பஜார் மினி லோடு:

என்னுடையது பெட்ரோல் இஞ்செக்ஷன் வண்டி. மேனிஃபோல்டு பிரஷரை வைத்துப் பெட்ரோல் கணக்குப் போடும் வகை. புதுக் கேமால் வேக்யூம் குறைந்ததும் கம்ப்யூட்டர் அதைச் சுமை என்று எண்ணிப் பெட்ரோலைக் கூட்டியது. ஆனால் ஸ்கேனரில் ஆக்சிஜன் சென்சார் "லீன்" (பெட்ரோல் குறைவு) என்று காட்டியது. எல்லாரும் சென்சாரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், அதே கதை. பிறகுதான் புரிந்தது. ஓவர்லேப்பிலும் சரியாக எரியாத சுற்றுகளிலும் ஆக்சிஜன் அப்படியே எக்சாஸ்டுக்குப் போய்விடுகிறது. சென்சார் அந்த ஆக்சிஜனைத்தான் பார்க்கும், கூடவே போகும் எரியாத பெட்ரோல் அதற்குத் தெரியாது. அதனால் கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோல் சேர்க்கிறது. என் கண் எரிந்தது ரிச்சால், ஸ்கேனர் சொன்னது லீன்.

ஏற்காடு எஸ்டேட் வண்டி:

சங்ககிரி அண்ணா, நீங்கள் சொன்ன அந்த இரண்டு மாசம் எனக்கும் நடந்ததுதான். கேம் வாங்கும்போது பழையதையும் கையோடு கொண்டுபோய், இரண்டையும் வி பிளாக்கில் வைத்து டயல் கேஜால் லிஃப்டையும், டிகிரி தட்டு மாட்டி வால்வு எங்கே திறக்கிறது எங்கே மூடுகிறது என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை. எங்கள் மாதிரி ரோலர் இல்லாத டேப்பட் என்றால் கேமோடு டேப்பட்டையும் புதிதாகப் போட்டு, முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம் அளவில் இருபது நிமிஷம் ஓட்டுங்கள். எங்கள் முதல் பட்டறையில் அதைக்கூடச் செய்யவில்லை. கழற்றியபோது அந்தப் புதுக் கேமின் இரண்டு லோப் ஏற்கெனவே கீறியிருந்தது.