எல் பாசோ சிறைப் பதிவும் கோர்ட் விவரமும் தேடத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

டெக்சாஸ் எல் பாசோவில் என் சித்தி மகனைக் கைது செய்திருக்கிறார்கள். கவுண்டி சிறைப் பட்டியலில் அவன் பெயர் கிடைக்கவில்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் கடைசிப் பெயர். முன்னும் பின்னும் மாற்றிப் போட்டும் பார்த்துவிட்டேன்.

பெரிய வழக்கு டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம், சின்னது கவுண்டி கிளார்க்கிடம் இருக்கும் என்பது தெரியும். எல்லை ஊர் என்பதால் ஃபெடரல் வழக்காகவும் இருக்கலாம். அதற்கு ஃபெடரல் கோர்ட் ஆவணங்களைத் தேடும் பேசர் (PACER) தளம், பக்கத்துக்கு 10 சென்ட், சரி. குடியேற்றக் காவல் என்றால்தான் பயமாக இருக்கிறது. குடியேற்ற அமலாக்கத் துறையான ஐஸின் (ICE) இணையத் தேடலில் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் வராது, வெளிநாட்டவருக்குக் குடியேற்றத் துறை தரும் ஏ-நம்பரும் எங்களிடம் இல்லை.

முதலில் எங்கே போன் செய்வது? சிறையில் பதியும்போது தரும் புக்கிங் நம்பர் இல்லாமல் விவரம் சொல்வார்களா? அந்தப் பக்கம் நம்பகமான வக்கீல் யாரையாவது தெரிந்தால் தயவுசெய்து இன்றே சொல்லுங்கள். சித்தி ஊரில் சாப்பிடாமல் கிடக்கிறார்.