லேசரால் கொத்துவதா, பொளிவதா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்பர்களே, பாலிடெக்னிக் மாணவர்களுக்கான உலோகவியல் பாடம் ஒன்றைத் திங்கட்கிழமைக்குள் தமிழில் முடித்துத் தர வேண்டும். செம்புப் பரப்பை லேசரால் நுண்ணிய மேடுபள்ளமாக்கினால் அதில் படியும் பாக்டீரியா விரைந்து மடிகிறது என்று 2020இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் காட்டிய ஆய்வு அதில் வருகிறது. இப்படி மேடுபள்ளமாக்குவதைக் குறிக்கும் 'டெக்ஸ்சரிங்' என்பதற்கு 'இழைநயமாக்கல்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த மாணவர், "இது நெசவுப் பாடமா ஐயா?" என்று கேட்டுவிட்டார். வேறு நல்ல சொல் உண்டா?

யாழ்ப்பாணத்து அன்பர் எழுதியது:

'இழை' வேண்டாம் என்பதற்கு எங்களிடம் வேறொரு காரணமும் உண்டு. நீங்கள் திசு என்பதை நாங்கள் இழையம் என்போம். பற்றீரியாவும் உலோகமும் ஒரே பக்கத்தில் வரும் பாடத்தில் செம்புக்குத் தசை வளர்ந்ததாக எம் மாணவர் எண்ணக்கூடும். விளைவைக் கொண்டு 'நுண்ணுயிர்க்கொல்லிப் பரப்பு' எனலாமே?

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் எழுதியது:

விளைவைப் பெயரில் ஏற்றுவது பிழையாகும். செம்பு தன் அயனிகளால் இயல்பாகவே கிருமியைக் கொல்வது. லேசர் அதன் பரப்பளவைப் பெருக்கி, நீர் எளிதில் பரவும்படி செய்து, கிருமி உலோகத்தைத் தொடும் வாய்ப்பை மிகுவிக்கிறது. டைட்டானியத்திலும் எஃகிலும் பெரும்பாலும் ஒட்டவிடாமல் தடுப்பதே நோக்கம். சில்வண்டின் இறகிலுள்ள நுண்தூண்கள் பாக்டீரியாவின் சவ்வை இழுத்துக் கிழிக்கின்றன என்று 2012இல் வெளிவந்த ஆய்வோ மூன்றாவது வழியைச் சொல்கிறது. இம்மூன்றையும் 'கொல்லி' என்ற ஒரே சொல்லில் அடைக்க இயலாது.

அம்மி தேய்ந்து வழவழத்தபோது உளியால் அதன் முகத்தைப் புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பாக்கினார்களே, அதற்குப் பொளிதல் என்று பெயர். பொள், பொள்ளல், பொத்தல், பொந்து, போழ் என்று ஒரு குடும்பமே அங்கு நிற்கிறது. 'புழை'யையும் அதில் சேர்க்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம், அதைத் தனி மடலில் விரிக்கிறேன். ஆகவே, லேசருக்குத் தமிழில் வழங்கும் 'சீரொளி' என்ற சொல்லையும் சேர்த்து, 'சீரொளிப் பொளிவு' என்பதை முன்மொழிகிறேன்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, அச்சகத்தார் அதைத் தவறாமல் 'பொலிவு' என்று திருத்திவிடுவார்கள். 'சீரொளிப் பொலிவு' என்றால் அழகு நிலைய விளம்பரம் ஆகிவிடும். அதே அம்மியை எங்கள் தெருவில் கொத்தத்தான் செய்தார்கள். 'லேசர் கொத்துப்பரப்பு' என்றால் மாணவருக்கு உடனே விளங்குமே?

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் எழுதியது:

விளங்கும், ஆனால் வேறொன்றாக. வினைத்தொகையாயின் வல்லினம் மிகாது. நீங்கள் 'ப்' இட்டதும் அது பெயராகி, திராட்சைக் கொத்து நினைவுக்கு வந்துவிடுகிறது. 'கொத்திய பரப்பு' என்று பெயரெச்சமாக்கினால் இலக்கணம் பிழைக்கும். லேசர் என்பதே ஆங்கிலத் தலைப்பெழுத்துகளின் கோவையாக இருக்க, அதை விடாப்பிடியாக வைத்துக்கொண்டு சீரொளியைத் தள்ளுவது மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

லேசர் ஆய்வகத்தில் பணிபுரிபவர் எழுதியது:

பொளிதல், கொத்துதல் இரண்டுமே ஒவ்வொரு குழியையும் தனித்தனியே செதுக்குவதாகக் காட்டுகின்றன. குறுந்துடிப்பு லேசரில் உலோகம் உருகி மீண்டும் உறைவதும் உண்டு. லேசர் பட்ட பரப்பில் அலைபோல் தோன்றும் நுண்வரிகள் 1965இலேயே கண்டறியப்பட்டன; அவற்றை எவரும் வரைவதில்லை. விழும் ஒளியும் பரப்பில் சிதறும் ஒளியும் குறுக்கிடுவதால் அவை தாமே எழுவதாகவே பெரிதும் விளக்கப்படுகிறது. ஆற்று மணலில் காற்று இடும் வரியை யாராவது 'கொத்தியது' என்பார்களா? 'வரிப்பரப்பு' என்ற சொல்லையும் எண்ணிப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

செம்பு ஆய்வில் வருவது வரிகள் மட்டுமல்ல என்பதால் 'வரி'யை எல்லா இடத்திலும் இட முடியவில்லை. குழுவில் நால்வர் ஒப்பியபடி 'லேசர் கொத்திய பரப்பு' என்றே அனுப்புகிறேன். முதன்முறை வருமிடத்தில் மட்டும் 'சீரொளி' என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் எழுதியது:

நால்வரில் நான் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். 'புழை' பற்றிய மடல் நாளை வரும்.