லாபம் 5,56,000, பேங்கில் 11,000: மீதி எங்கே போச்சு?

பன்னிரண்டு மெஷின்

திருப்பூரில் பவர் டேபிள், அதாவது சின்னத் தையல் யூனிட், வைத்திருக்கிறேன். டி-ஷர்ட் ஜாப் ஒர்க் மட்டும்தான். துணி பார்ட்டியுடையது, தையல் நம்முடையது. ஒன்பது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. 2024 டிசம்பரில் ஒரு பேட்லாக், இரண்டு ஓவர்லாக் என்று மூன்று தையல் மெஷினை 2,30,000 ரூபாய்க்குச் சேர்த்தேன்.

2024-25 கணக்கை ஆடிட்டர் முடித்துக் கொடுத்துவிட்டார். பில் போட்டது 48 லட்சம். நிகர லாபம் 5,56,000 என்று இருக்கிறது. மார்ச் 31 அன்று பேங்கில் இருந்ததோ 11,000. வருஷ ஆரம்பத்தில் 1,20,000 இருந்தது. நடுவில் ஜனவரியில் நகையை வைத்து 1,20,000 வாங்கிப் போட்டேன், அதுவும் காணோம். நான் சீட்டாடுகிறவனும் இல்லை, குடிக்கிறவனும் இல்லை.

வீட்டுக்கு மாசம் 25,000 எடுக்கிறேன். பழைய மெஷின் லோனுக்கு இஎம்ஐ 14,000. ஆடிட்டரைக் கேட்டால் "பேலன்ஸ் ஷீட்டைப் பாருங்க" என்கிறார். பார்த்தேன். தேய்மானம், கடனாளிகள், கடனீந்தோர், எடுப்புகள் என்று இருக்கிறது. ஒன்றும் ஓடவில்லை. யாராவது விளக்குங்களேன்.

பொட்டிக்கடை

பேங்க் லோனுக்காக ஆடிட்டர் லாபத்தை ஏற்றிக் காட்டியிருப்பார். எல்லா ஊரிலும் நடப்பதுதான். அவர் பேச்சை நம்பாதீர்கள்.

பேரேடு அக்கா

மேலே சொன்னதை விடுங்கள் தம்பி, ஆடிட்டர் மேல் தப்பில்லை. 22 வருஷமாகப் பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் மாசம் வந்தால் யாராவது ஒரு முதலாளி இதே கேள்வியோடு என் மேஜை முன்னால் நிற்பார்.

அந்தப் பேலன்ஸ் ஷீட்டில் நான்கு எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். கடனாளிகள் போன மார்ச்சிலும் இந்த மார்ச்சிலும் எவ்வளவு? கடனீந்தோர், அதே மாதிரி? இஎம்ஐயில் வட்டி எவ்வளவு? தேய்மானம் எவ்வளவு? கடனாளி என்றால் கடனில் மூழ்கியவர் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கில் கடனாளி, நமக்குத் தரவேண்டிய பார்ட்டி. கடனீந்தோர், நாம் தரவேண்டியவர்.

பன்னிரண்டு மெஷின்

அக்கா, கடனாளிகள் 2,10,000 இருந்தது, இப்போது 5,05,000. கடனீந்தோர் நூல் கடை மட்டும்தான், 35,000 இருந்தது 85,000 ஆகியிருக்கிறது. வட்டி 68,000. தேய்மானம் 90,000.

பேரேடு அக்கா

சரி, ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டியை ஒதுக்கிவிட்டுப் போடுவோம், இல்லாவிட்டால் குழம்பும்.

மேலே 5,56,000 என்று எழுதுங்கள். அதோடு தேய்மானம் 90,000-ஐக் கூட்டுங்கள். மெஷின் தேய்கிறது என்று செலவில் எழுதுகிறோமே தவிர, அந்தப் பணத்தை யார் கையிலும் கொடுப்பதில்லை. மெஷினுக்கு வருமான வரியில் 15 சதவீதம். டிசம்பரில் வாங்கியது அந்த வருஷம் 180 நாள் ஓடவில்லை, அதனால் பாதி, 7.5. பழைய மெஷின்கள் ஏட்டில் 4,85,000 இருந்திருக்கும், அதற்கு 72,750. புதுசுக்கு 17,250. சரியாக 90,000 வருகிறது பாருங்கள். உங்கள் ஆடிட்டர் ஒழுங்கான ஆள்தான்.

ஆக 6,46,000. இது கைக்கு வந்திருக்க வேண்டும். இனி போனதைப் பார்ப்போம்.

பார்ட்டி பாக்கி 2,95,000 கூடியிருக்கிறது. பில் போட்ட அன்றே அது உங்களுக்கு வருமானமாகிவிட்டது, பணம் வந்தால் என்ன வராவிட்டால் என்ன. புது மெஷின் 2,30,000. அது செலவு இல்லை, சொத்து. அதனால் லாபத்தில் அப்படியே கழியாது. வருஷா வருஷம் தேய்மானமாகத்தான் கழியும். ஆனால் பணம் டிசம்பரிலேயே போய்விட்டது. இஎம்ஐ வருஷத்துக்கு 1,68,000. அதில் வட்டி 68,000 மட்டும்தான் செலவு, மீதி ஒரு லட்சம் அசல். அசல் கட்டுவது செலவில் வராது. அப்புறம் வீட்டுக்கு எடுத்தது 3,00,000. அதற்குப் பேர்தான் எடுப்புகள். நீங்கள் அதைச் சம்பளம் என்று நினைக்கிறீர்கள். தனி ஆள் தொழிலில் முதலாளிக்குச் சம்பளம் கிடையாது. தான் போட்ட முதலிலிருந்து, அதாவது மூலதனத்திலிருந்து எடுக்கிறார், அவ்வளவுதான்.

மொத்தம் 9,25,000 போயிருக்கிறது. வந்தது 6,46,000. துண்டு 2,79,000. அதை எதை வைத்து அடைத்தீர்கள்? நூல் கடைக்குக் கொடுக்காமல் வைத்தது 50,000, நகை 1,20,000, பேங்கில் கரைந்தது 1,09,000. கூட்டிப் பாருங்கள், ஒரு ரூபாய் உதைக்காது.

பன்னிரண்டு மெஷின்

அக்கா, மூன்று தடவை கூட்டிவிட்டேன். உதைக்கவில்லை! ஆனால் ஒன்று. மெஷின் வாங்காமல் இருந்திருந்தால் இந்தச் சிக்கல் இருந்திருக்காதா?

பேரேடு அக்கா

மெஷின் பாதிதான். பெரிய ஓட்டை பாக்கியில் இருக்கிறது. உங்கள் சனிக்கிழமைச் சம்பளம் எவ்வளவு, ஏறக்குறைய 65,000 இருக்குமா? பார்ட்டி 60 நாள் கழித்துப் பணம் தருகிறார் என்றால் நடுவில் எட்டு சனிக்கிழமை வருகிறது. 5,20,000. அந்தப் பணத்தை நீங்கள் போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். நடைமுறை மூலதனம் என்று பேங்கில் சொல்வது இதைத்தான். மெஷினைக் கூட்டினால் சனிக்கிழமைச் சம்பளமும் கூடும். மெஷினுக்கு லோன் கேட்கப் போகிறவர்கள் இதற்குக் கேட்பதில்லை. பிறகு நகை பேங்குக்குப் போகிறது.

மில் ரோடு

பாக்கி பற்றி ஒரு தகவல். உத்யம் பதிவு, அதாவது சிறு தொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு, இருக்கிறதா? இருந்தால் 2006 குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் தவணை வைக்க முடியாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் பிடி வைத்துவிட்டார்கள்: குறு, சிறு தொழிலுக்கு இந்தக் கெடுவுக்குள் கொடுக்காததைப் பார்ட்டி அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது, கொடுக்கும் வருஷத்தில்தான் காட்டலாம். இன்னொன்று: பில் போட்ட மாசத்துக்கு ஜாப் ஒர்க் ஜிஎஸ்டி 5 சதவீதத்தை நீங்கள் கட்டியாக வேண்டும், பார்ட்டி பணம் தராவிட்டாலும்.

பேரேடு அக்கா

உண்மைதான். ஆனால் வட்டி கேட்டு நோட்டீஸ் விட்டால் அடுத்த ஆர்டர் பக்கத்து டேபிளுக்குப் போகும், அதையும் சொல்ல வேண்டும். பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். மார்ச்சில் அவர்கள் ஆடிட்டரே பார்ட்டியை நச்சரிப்பார்.

பன்னிரண்டு மெஷின்

பில் புக் அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன். கடைசியாக ஒரு சந்தேகம். பார்ட்டி பணம் போட்டால், கணக்கு எழுதும் டேலி மென்பொருளில் பேங்க் கணக்கில் பற்று என்று காட்டுகிறது. பாஸ் புக்கில் அதே பணம் வரவு. எது சரி?

பேரேடு அக்கா

இரண்டும் சரி. வரவு என்ற சொல்தான் நம்மைக் கவிழ்க்கிறது. வீட்டில் பணம் வந்தால் வரவு, போனால் செலவு. பேரேட்டில் அப்படி இல்லை. பெறுகிறவர் பேரில் பற்று, தருகிறவர் பேரில் வரவு. மளிகைக் கடை நோட்டில் அரிசி வாங்கியதும் உங்கள் பேரில் "பற்று" எழுதுவாரே, பணம் கொடுத்ததும் "வரவு" வைப்பாரே, அதேதான். டேலி உங்கள் ஏடு. அதில் பேங்க் பெறுகிறது, அதனால் பற்று. பாஸ் புக் பேங்கின் ஏடு. அதில் நீங்கள் தருகிறீர்கள், அதனால் வரவு.

பன்னிரண்டு மெஷின்

மளிகைக் கடை நோட்டு என்றதும் விளங்கிவிட்டது. இதையெல்லாம் வீட்டில் படித்துக் காட்டினேன். அந்த நகை 1,20,000 எந்தப் பக்கம் எழுதியிருக்கிறது என்று கேட்கிறாள். பார்த்தேன், என் மூலதனத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

பேரேடு அக்கா

நகை யாருடையது?

பன்னிரண்டு மெஷின்

அவளுடையது. அடகுச் சீட்டும் அவள் பேரில்தான்.

பேரேடு அக்கா

அப்புறம் எப்படித் தம்பி உங்கள் முதல் ஆகும்? ஒழுங்கான ஆள் என்று சொன்ன வாயால் சொல்கிறேன், அதை மட்டும் ஆடிட்டரிடம் மாற்றச் சொல்லுங்கள். அவங்க பேரைப் போட்டுக் கடன் பக்கம் வரவு வைக்கணும். நகைக் கடன் வட்டியையும் செலவில் எழுதுங்கள். லாபம் கொஞ்சம் குறையும்.